வாய் திறந்த மகிழுந்தும் வாய் மூடிய தமிழரும்

செருமனி நாட்டின் மூனிச்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.டபிள்யூ நிறுவனம், ‘ஏழாம் வரிசை’ எனப் பெயரிட்டுத் தான் உருவாக்கும் பெருமகிழுந்தின் ஏழாம் தலைமுறையை 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் உலகினர்க்குக் காட்டியது. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அஃது இந்தியச் சந்தைக்கு வந்தபோது, கன்னெய்யால் ஓடும் வகைக்குக் குறிக்கப்பட்ட காட்சியக விலை 1 கோடியே 70 இலக்கம் உருபா. நீளம் 5.39 மீட்டர், அகலம் 1.95 மீட்டர். முகப்பில், 1933 முதல் அந் நிறுவனம் விடாது பேணி வரும் இரட்டைச் சிறுநீரக வடிவக் காற்றுவாய். அதன் விளிம்பு இரவில் ஒளிரும். முகப்பு விளக்குகள் இரண்டடுக்காய்ப் பிரிந்து, மேலடுக்கில் பளிங்குத் துண்டுகள் மின்னும் வகையும் உண்டு. கதவுகள் தாமே திறந்து தாமே மூடும்.

உள்ளே நுழைந்தார்க்கு, அது மகிழுந்தோ மாளிகையின் ஒரு கூடமோ என்னும் ஐயம் எழும். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னே 12.3 விரலமும் 14.9 விரலமும் அளவுடைய இரு திரைகள் ஒரே வளைந்த கண்ணாடியின்கீழ்ப் பொருந்தியுள்ளன. (விரலம் என்பது பலரும் அங்குலம் என வழங்கும் அளவே.) முகப்புப் பலகையின் குறுக்கே ஓடிக் கதவு வரை தொடரும் பளிங்குப் பட்டை ஒன்று, பல நிறத்தில் ஒளிர்வதோடு தொட்ட இடத்தில் ஏவலும் கேட்கிறது. பின்னிருக்கைக் கதவுகளின் கைப்பிடியருகே 5.5 விரலத் தொடுதிரைகள் பதிக்கப்பட்டுள்ளன. கூரையினின்று இறங்கி விரிகிறது 31.3 விரலப் பெருந்திரை. அஃது இறங்குங்காலே பலகணித் திரைச்சீலைகள் தாமாக மூடிக்கொள்ள, உள்ளிடம் சிறிய திரையரங்காகிவிடுகிறது. முன்னிருக்கை ஒன்று முன்னே நகர்ந்து, பின்னே அமர்ந்த செல்வர் காலை நீட்டிச் சாய்ந்திருக்க இடந்தருகிறது.

இவை செல்வச் செருக்கின் செய்திகள் மட்டுமேயாயின், இவ் இதழில் ஒரு வரியும் இவற்றுக்காகச் செலவிட வேண்டுவதில்லை. பொருளுடையார் வாங்குவர், இல்லார் சாலையோரத்து ஒதுங்கி நிற்பர். ஆனால், இந் நாட்டில் 2023இல் விற்பனைக்கு வந்த கன்னெய் வகை பொருத்தி முடிக்கப்பட்ட இடம் மூனிச்சு அன்று. சென்னைக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில், பரனூரை அடுத்த மகிந்திரா தொழில்நகரில் 2007ஆம் ஆண்டு அந் நிறுவனம் தொடங்கிய தொழிலகம் அது. இருக்கைகள், கதவுப் பலகைகள், மின்கம்பிக் கற்றைகள் முதலியவற்றைச் சென்னை வட்டாரத் தொழிலகங்களிலிருந்தே பெறப்போவதாக 2015இல் அந் நிறுவனமே அறிவித்தது. தொண்டை மண்ணில், தமிழன் கையால், தமிழச்சி கையால் முறுக்கப்பட்ட திருகாணிகளோடு வெளியேறும் ஊர்தி அது. அவ் ஊர்தி பேசும் மொழியோ தமிழன்று.

‘ஊர்தி பேசுவதாவது?’ என்பார் உளர். அவர்கள் மகிழுந்துகளின் அண்மை வரலாற்றை அறியார். முன்னைய மகிழுந்து ஊமை. இந்துத்தான் நிறுவனத்தார் 2014 வரை உருவாக்கிய அம்பாசிடர் வண்டியை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு வட்டு, மூன்று மிதிகள், ஒரு பல்லிணைத் தண்டு, இழுக்கும் குமிழ் சில, திருகும் குமிழ் சில. அவற்றின்மேல் எழுத்து ஏதேனும் இருந்தாலும் அதைப் படித்து ஓட்டியவர் எவருமில்லை. கை பழகியது, கால் பழகியது, வண்டி ஓடியது. ஆங்கில எழுத்து ஒன்றும் அறியாத பல்லாயிரவர் தமிழ்நாட்டுச் சாலைகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் இடரின்றி ஓட்டினர். பொறிக்கும் மாந்தனுக்கும் இடையே மொழி குறுக்கிடவில்லை. எந்த நாட்டானும் விளங்கிக்கொள்ளுமாறு பன்னாட்டுத் தரப்பாட்டு அமைப்பு வகுத்த படக்குறிகளே, விளக்குக்கு இன்னது, கன்னெய்க்கு இன்னது என்று போதுமாயிருந்தன.

2001ஆம் ஆண்டில் இதே ஏழாம் வரிசையின் நான்காம் தலைமுறையில்தான் அந் நிறுவனம் ஒரு பெருமாற்றத்தைப் புகுத்தியது. பற்பல குமிழ்களை அகற்றி, அவற்றின் வேலையை ஒரு திரைக்குள் அடுக்கி, அத் திரையை இயக்க நடுவே ஒரு குமிழை மட்டும் வைத்தது. அன்று அதைப் பழித்தவர் பலர். ஆயினும் பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. 2022ஆம் ஆண்டின் தலைமுறையில் அம் மாற்றம் முற்றிவிட்டது. குளிர்காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும், இருக்கையைச் சூடாக்குவதும், ஒளியின் நிறத்தை மாற்றுவதும், ஊர்தியின் துணைக்கருவிகளை அடக்குவதும் திரைப் பட்டியல்களுக்குள் புகுந்துவிட்டன. பட்டியல் என்பது சொற்கோவை. படிக்கத் தெரிந்தவனே இயக்க முடியும் என்னும் நிலை வந்துவிட்டது. ஊமையாயிருந்த ஊர்தி வாய் திறந்துவிட்டது என்பதற்குப் பொருள் இதுவே. இதுகாறும் மொழி என்பது மகிழுந்தின் விளம்பரத்தில் இருந்தது; இனி, அதன் உறுப்புகளில் ஒன்றாயிற்று. உருளி இல்லாத வண்டியை விற்க ஒருவனும் துணியான். ஓட்டுவானின் மொழி இல்லாத வண்டியைக் கூசாமல் விற்கின்றனர்.

எல்லாவற்றையும் திரைக்குள் தள்ளுவது ஏதம் என்பதை ஐரோப்பியரே உணரத் தொடங்கிவிட்டனர். புது ஊர்திகளின் காப்புத் திறத்தை மதிப்பிடும் யூரோ என்கேப்பு அமைப்பு, திருப்ப விளக்கு, இடர்விளக்கு, ஒலிப்பான், துடைப்பான், உதவியழைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கைக்கருவி வேண்டும் எனத் தன் 2026ஆம் ஆண்டு விதிகளில் வற்புறுத்தியது. தம் தாய்மொழியில் ஒளிரும் திரையைப் பார்ப்பதற்கே அவர்கள் இத்துணை அஞ்சுகின்றனர். அயன்மொழியில் ஒளிரும் திரையின் முன் அமர்த்தப்பட்டவன் நிலை யாது?

அவன் யார் என்பதையும் எண்ண வேண்டும். 1 கோடியே 70 இலக்கம் கொடுத்து வாங்குபவர் பெரும்பாலும் வட்டைப் பற்றுவதில்லை. அவர் பின்னிருக்கையில் அமர்ந்து 31.3 விரலத் திரையில் படம் பார்க்கிறார். வட்டைப் பற்றியிருப்பவன் திங்கட் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட தமிழன். பெரும்பாலும் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். கழக நூல்கள் அவனை வலவன் என்று அழகுற வழங்கின. வல்லவன் வலவன். பின்னிருக்கைத் திரை கூத்துக் காட்டுகிறது. வலவனின் திரைதான் எச்சரிக்கை காட்டுகிறது. உருளியில் காற்றுக் குறைந்தால், தடுப்பிப் பட்டை தேய்ந்தால், முன்னூர்தி நெருங்கிவிட்டால், கண்காணிப்புக் கருவி மழையில் மறைந்து செயலற்றால், செய்தி வருவது அவன் கண்முன். அச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. படித்துப் பொருள் உணர்வதற்குள் ஊர்தி எத்துணைத் தொலைவு சென்றிருக்கும்? மணிக்கு 90 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். நான்கு நொடி தடுமாறினால் 100 மீட்டர். பெருந்தென்சாலையில் 100 மீட்டர் என்பது ஓர் ஊரின் நிறுத்தமும், அதன்முன் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளும் அடங்கிய தொலைவு.

இவ்விடத்தில் வழக்கமான மறுப்பு எழும். ‘தமிழில் இவற்றுக்கெல்லாம் சொல் ஏது?’ இதைச் சொல்பவர் எவரும் அகரமுதலியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. நாளிதழ்களின் ஊர்திப் பக்கத்தில் இம் மகிழுந்தைப் பற்றி எழுதும் தமிழர், ‘கர்வ்டு டிசுபிளே’ என்கிறார். ‘தியேட்டர் சுகிரீன்’ என்கிறார். ‘இன்டராக்சன் பார்’ என்கிறார். ‘ஆம்பியன்ட் லைட்டிங்’ என்கிறார். (அவர் எழுதுவது கிரந்த எழுத்துகளோடு. இங்கே அவை தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன.) இடையிடையே ‘இருக்கிறது’, ‘வருகிறது’, ‘அசத்துகிறது’ என்று முடிப்பதால் அது தமிழ்க் கட்டுரை எனப்படுகிறது. வளைதிரை என்றால் எந்தத் தமிழனுக்கு விளங்காது? அரங்கத்திரை, தொடுபட்டை, சூழொளி என்றால் எவன் அகரமுதலியைத் தேடி ஓடுவான்? இவை புதிதாய்ப் புனைந்த அரிய சொற்களும் அல்ல. வளைவும் திரையும் அரங்கமும் தொடுதலும் ஒளியும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அறிந்தவை. ஒட்டி வைப்பதற்கு வேண்டியது அறிவுகூட அன்று, மனம்.

ஒட்டி வைக்கும் மனம் அம் மகிழுந்தைப் படைத்த செருமானியர்க்கு நிரம்ப உண்டு. அவர்கள் மொழியில் முகப்பு விளக்குக்குப் பெயர் ‘ஒளி எறிவது’. முன்கண்ணாடிக்குப் பெயர் ‘காற்றுக்காப்புத் தகடு’. அதன்மேல் ஓடும் துடைப்பானுக்குத் ‘தகடு துடைப்பது’. மோதலைத் தாங்கும் முன்சட்டத்துக்கு ‘இடிதண்டு’. பெட்டி படுக்கைகளை வைக்கும் பின்னறைக்குப் ‘பெட்டியிடம்’. எல்லாவற்றினும் சுவையானது, வலவனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றறையின் பெயர். கையுறைக்குச் செருமானியர் ‘கைச்செருப்பு’ என்பர். ஆகவே, கையுறை வைப்பதற்கென்று முற்காலத்தில் அமைந்த அவ்வறை அவர்களுக்குக் ‘கைச்செருப்பறை’. இப்படி ஒரு சொல்லைத் தமிழில் ஒருவர் ஆக்கியிருந்தால், சென்னை நாளிதழ்கள் ஒரு கிழமை நகைத்திருக்கும். செருமானியன் நகைக்கவில்லை. குழந்தைப் பருவம் தொட்டு அச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, அதைச் சொன்னபடியே உலகின் சிறந்த மகிழுந்துகளைச் செய்துவிட்டான்.

அச் சொற்கள் எல்லாம் தாமே முளைத்தவை என்றும் கருதற்க. 1870களில் செருமானிய அஞ்சல் துறைத் தலைவராயிருந்த வான் சுதெபான் என்பார், அத் துறையில் மண்டியிருந்த பிரஞ்சுச் சொற்களுள் பல நூற்றை நீக்கி அவ்விடங்களில் செருமானியச் சொற்களை அமர்த்தினார். தொடர்வண்டித் துறையில் சராசின் என்னும் பொறியாளர் அவ்வாறே செய்தார். பயணச்சீட்டுக்கும் நடைமேடைக்கும் பெட்டியின் உள்ளறைக்கும் வழங்கிய பிரஞ்சுச் சொற்கள் போய்ச் செருமானியச் சொற்கள் வந்தன, நின்றன. செய்தவர் இருவரும் தம் துறையில் ஆணையிடும் பொறுப்பில் இருந்தவர் என்பதைத் தமிழ்நாட்டு அலுவலர் உற்று நோக்க வேண்டும். புலவன் சொல்லைப் படைக்கலாம். அதைச் சீட்டில் அச்சிடும் ஆற்றல் அவனிடம் இல்லை.

அவர்களும் முற்றத் தூயர் அல்லர். ‘மோட்டார்’ என்னும் இலத்தீன் வழிச் சொல் அந் நிறுவனத்தின் பெயரிலேயே உண்டு. காற்றுப்பைக்கு இன்றும் ஆங்கிலச் சொல்லையே வழங்குகின்றனர். மேலே கண்ட திரைகளுக்கும் பட்டைகளுக்கும் உலகச் சந்தைக்கென ஆங்கிலப் பெயரையே சூட்டினர். ஊதியத்தின் முன் அவர்களுடைய மொழிப்பற்றும் தலை கவிழ்கிறது. ஆயினும் செருமனியில் விற்கும் ஊர்தியின் திரை செருமானியத்தில் ஒளிர்கிறது. கையேடு செருமானியத்தில் இருக்கிறது. அதில் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அந் நிறுவனம் தன் பிறப்பாண்டாகக் கொள்வது 1916. வேதாசலம் என்னும் தம் பெயரைத் தூய தமிழாக்கி மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்துக்கு வித்திட்டதும் அதே 1916. அடிகள் பெயரால் அமைந்த மறைமலைநகருக்கும் பரனூர்த் தொழில்நகருக்கும் இடையே சில கிலோமீட்டரே தொலைவு. மறைமலைநகரில் போர்டு நிறுவனம் 2022 வரை மகிழுந்து செய்தது. தூயதமிழுக்கு உழைத்தார் ஒருவரின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து ஆண்டுக்கணக்கில் மகிழுந்துகள் வெளியேறின. அவற்றின்மேல் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணி வருந்தியவர் எத்தனை பேர்? ஊருக்குப் பெயர் வைத்துவிட்டதோடு கடன் தீர்ந்தது என்று தமிழர் இருந்துவிட்டனர்.

ஊர்தியின் உறுப்பைப் பேசுவது தமிழுக்குப் புதிது என்பாரும் உளர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையை அவர்கள் ஒருமுறை புரட்டட்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடிய நூல் அது. இன்று மகிழுந்துத் தொழிலகங்கள் நெருங்கிக் கிடக்கும் இதே தொண்டை நாட்டின் பாட்டு. அதில் உமணர் உப்பு வண்டி ஒன்று வருகிறது. புலவர் அதைப் பார்க்கும் பார்வை ஒரு பொறியாளன் பார்வை. வெளிவிளிம்பாகிய சூட்டு, அதனுள் செறிந்த ஆர், முழுமரத்தால் ஆன உருளி, இரண்டையும் தாங்கும் பருத்த பார்மரம் என்று கீழிருந்து தொடங்குகிறார். பின் மேலே ஏறுகிறார். மழை புகாமல் வேய்ந்த கூரை. கோழி அடையும் கூடு. ஆடித் தொங்கும் சிற்றுரல். கயிற்றால் பிணித்த காடிக் கலம். அங்கே பிள்ளையோடு அமர்ந்து எருதுகளை ஓட்டும் தாய்.

உள்ளமைப்பு என்று இந் நாளில் பேசுகின்றார்களே, அஃது இதுவன்றி வேறென்ன? நெடுவழிச் செல்வோர்க்கு உணவும் உறக்கமும் நிழலும் ஊர்தியினுள்ளேயே அமைய வேண்டும் என்பதை உமணப் பெண் அறிந்திருந்தாள். அவள் வண்டியில் இருந்த ஒவ்வொன்றுக்கும் அவள் மொழியில் பெயர் இருந்தது. அவள் வழிவந்தோர் 1 கோடியே 70 இலக்கம் உருபா ஊர்தியில் ஏறியதும் ஊமையராகிவிடுகின்றனர்.

இன்னுமொன்று. பழுதுற்றால் மாற்றுவதற்கென்று எடுத்துச் செல்லும் உருளிக்கு இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் ‘சுடெப்னி’ என்பது பெயர். வேல்சு நாட்டின் இலனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர் அது. 1904இல் அத் தெருவில் தோன்றிய மாற்றுருளி நிறுவனத்தால் அப் பெயர் உலகேறியது. இங்கிலாந்திலேயே வழக்கு வீழ்ந்த பின்னும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் அது கொலுவீற்றிருக்கிறது. இலனெல்லித் தெருவுக்கு எத்தனையோ நூற்றாண்டுகட்கு முன், மேடும் பள்ளமுமான நெடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணிய உமணர், வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதன் பெயர் சேம அச்சு. ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அச் சொல் கிடக்கிறது. சேமம் வடசொல் என்று கூறி இதைத் தள்ளுவார் உளர்; ஏமம் என்னும் தமிழ்ச்சொல்லே சேமம் ஆயிற்று என்பார் கூற்று அவர்க்கு விடை. சேம உருளி என்று சொல்லத் தடை யாது? பள்ளிப் பாடத்தில் அப் பாட்டைப் படித்துத் தேர்வெழுதியவரே பட்டறைக்கு வந்ததும் இலனெல்லித் தெருவைத் தேடுகிறார்.

பட்டறைத் தொழிலாளியைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. பெயர்ச்சொல் அவன் நாவில் அயலதாயினும், வினைச்சொல் முற்றும் தமிழ். வண்டி ‘திணறுகிறது’ என்பான், ‘இழுக்கவில்லை’ என்பான், ‘உறுமுகிறது’, ‘உதறுகிறது’, ‘மூச்சு வாங்குகிறது’, ‘எண்ணெய் குடிக்கிறது’ என்பான். நோயைத் தமிழிலேயே கண்டறிகிறான். பொறியின் உயிர்ப்பெல்லாம் வினையில் இருக்கிறது. அவ் வினை தமிழாக இருக்கும்வரை பெயரை மீட்பது அரிதன்று. மாட்டுவண்டித் தச்சன் அச்சு, ஆரக்கால், வட்டை, குடம், கடையாணி என்று வழங்கிய பெயர்கள் பல ஊர்களில் இன்னும் செவிக்கு எட்டுகின்றன.

அரிதாக்குபவர் வேறு சிலர். நூலறையில் அமர்ந்து நாற்சொற்களைக் கோத்து ஒரு முழ நீளப் பெயர் புனைந்து, அதைத் தொழிலாளி சொல்லவில்லையே என்று நொந்துகொள்ளும் தனித்தமிழ் அன்பர்கள் இயக்கத்துக்குள்ளும் உளர். ஊர்தி மோதப் போகும்போது கூவ முடியாத சொல் ஊர்திக்கு உதவாது. பேருந்து என்னும் சொல்லையும் ஒரு காலத்தில் நகைத்தனர். அது குறுகியது, ஒலி இனியது, உந்து என்னும் வினையை வேராகக் கொண்டது. ஆகவே நகைத்தவர் வாயிலும் ஏறியது. மகிழுந்தும் மிதிவண்டியும் அவ்வாறே. சொல்லாக்குவோர் ஒருமுறையேனும் பட்டறை வாயிலில் நின்று தம் சொல்லை உரக்கச் சொல்லிப் பார்ப்பது நன்று.

திரையின் எழுத்து ஒருபுறமிருக்க, வழிகாட்டும் குரலின் கொடுமை வேறு. ஆங்கிலம் பேசும் பொறிக்குரல் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் படும்பாடு படுத்துகிறது. திருக்கழுக்குன்றத்தையும் சோழிங்கநல்லூரையும் கிழக்கடற்கரையையும் அக் குரல் சொல்லக் கேட்டவர்க்கு, ழகரத்தின் தலையில் சம்மட்டி விழுந்தது போலிருக்கும். வெள்ளையன் செங்கல்பட்டைச் ‘சிங்கிள்புட்’ ஆக்கினான். செங்கழுநீர்ப்பட்டு என்பதே செங்கல்பட்டாய்க் குறுகிற்று என்பர். குறுகியதை அவன் மேலும் சிதைத்தான். அவன் போன பின் அப் பெயரைத் திருத்தியது தமிழ்நாடு. திருத்திய பெயரைப் பொறிக்குரல் மீண்டும் சிதைக்கிறது. இம்முறை தட்டிக் கேட்பார் இல்லை. நாளும் இதைக் கேட்டு வளரும் பிள்ளை, பொறி சொல்வதே சரியான ஒலி என்று கொள்ளாதா?

‘உலக நிறுவனம் ஒன்று தமிழுக்காகத் தனியே உழைக்குமா?’ என்று அஞ்சுவாரும் உளர். அவ் அச்சத்துக்கு விடை அதே வட்டாரத்தில் இருக்கிறது. திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்து உருவாக்கி வரும் கொரிய நாட்டு ஊண்டாய் நிறுவனம், 2023இல் வெளியிட்ட வெர்னா மகிழுந்தின் திரையைப் பன்னிரண்டு மொழிகளில் ஒளிரச் செய்தது. இத் துணைக்கண்டத்து மொழிகள் பத்து. அவற்றுள் தமிழும் ஒன்று. அம் மகிழுந்தின் தொடக்க விலை அன்று ஏறத்தாழ 11 இலக்கம் உருபா. 11 இலக்கத்துக்கு முடிந்த ஒன்று 1 கோடியே 70 இலக்கத்துக்கு முடியாதா? கொரியன் தமிழ்மேல் கொண்ட காதலால் இதைச் செய்தான் என்று எவரும் மயங்க வேண்டுவதில்லை. தன் மொழியைத் திரையில் பார்த்துப் பழகியவன் ஆதலால், பிறர்க்கும் அது தேவைப்படும், தேவைப்பட்டால் விற்கும் என்று கணக்கிட்டான். அக் கணக்கைச் செருமானியனும் போடுவான், கேட்பார் இருந்தால்.

பிரான்சு நாட்டில் கேட்பார் இருந்தனர். 1994ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 4ஆம் நாள் அந் நாடு இயற்றிய மொழிச்சட்டம், விற்கப்படும் எப் பொருளுக்கும் பெயர்விளக்கமும், பயன்படுத்தும் முறையும், பொறுப்புறுதியும் பிரஞ்சு மொழியில் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. கனடாவின் கியூபெக்கு மாநிலம் 1977இலேயே தன் மொழிப் பட்டயத்தின் வழி இதைச் செய்தது. கியூபெக்கு தனிநாடு அன்று, தமிழ்நாட்டைப் போல் ஒரு மாநிலமே என்பதை மறத்தல் ஆகாது. பி.எம்.டபிள்யூ அங்கெல்லாம் கடையை மூடிக்கொண்டு போய்விடவில்லை. சட்டம் கேட்டது, நிறுவனம் கொடுத்தது.

இந்தியச் சட்டம் கேட்பது யாதெனின், அதையும் அறிந்துகொள்ளலாம். பொதியிட்ட பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள், பொதியின்மேல் குறிக்கவேண்டியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ குறிக்க வேண்டும் என்கின்றன. பிற மொழி வேண்டுமாயின் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். உப்புப் பொட்டலத்துக்கே இந் நிலை. உமணர் பெற்ற பேரப்பிள்ளைகள் தம் உப்பின் எடையைத் தம் மொழியில் படிக்கும் உரிமை அற்றவர். ‘கூடுதலாக’ இரக்கங்காட்டினால் படிக்கலாம். நடுவண் அரசின் விதி இத்தகையதாக இருக்கையில், அவர்களிடம் போய் மகிழுந்துத் திரையில் தமிழ் கேட்பது கல்லில் நார் உரிப்பது.

ஆதலின் கேட்க வேண்டிய இடம் சென்னைக் கோட்டை. பெருந்தொழிலகம் ஒன்று தமிழ்நாட்டில் கால் வைக்கும்போது, அரசு நிலம் தருகிறது, நீர் தருகிறது, மின் தருகிறது, வரிச்சலுகை தருகிறது. ஒவ்வொன்றும் தாளில் எழுதிக் கையொப்பம் இட்டுத் தரப்படுகிறது. அத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க எந்த நடுவண் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இந் நிலத்தில் உருவாகும் ஊர்தி, இந் நிலத்தில் விற்கப்படும்போது, அதன் திரையிலும் கையேட்டிலும் பொறுப்புறுதித் தாளிலும் தமிழ் இருக்க வேண்டும் என்னும் வரி. எச்சரிக்கைச் செய்திகள் முதற்கண், ஏனையவை அடுத்து. சொற்களைத் தொகுக்க அகரமுதலித் துறை இருக்கிறது. 1974ஆம் ஆண்டு பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு அரசே தொடங்கிய துறை அது. அங்குள்ள புலவர் இருவரையும், பரனூர்த் தொழிலாளர் இருவரையும், ஒரு வலவனையும் ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தினால் வேலை நடக்கும். வலவனை விட்டுவிட்டு அமரலாகாது.

வாங்குவோர்க்கும் ஒரு கடமை உண்டு. இருக்கைத் தோலின் நிறம், கம்பளித் துணியின் மென்மை, ஒலிபெருக்கியின் எண்ணிக்கை என்று காட்சியகத்தில் நூறு வினா எழுப்பும் தமிழ்ச் செல்வர், கையொப்பம் இடுமுன் நூற்றொன்றாவதாக ‘இதன் திரையில் தமிழ் உண்டா?’ என்று கேட்கட்டும். விற்பவர் இல்லை என்பார். ஆங்கிலம் தெரிந்த தங்களுக்கு எதற்கு என்றும் நயமாகச் சொல்வார். தமக்கு அன்று, தம் வலவனுக்கு என்று சொல்லிவிட்டு, அவ் ‘இல்லை’யை ஒரு தாளில் எழுதிக் கேட்டு வாங்கட்டும். அப்படி ஐம்பது தாள்கள் மூனிச்சு நகருக்குப் போய்ச் சேருமாயின், அங்குள்ளோர் அவற்றைச் செருமானியத்தில் பெயர்த்துப் படிப்பர்.